ஈரலில் நீர்க்கட்டி: ஆட்டையும் நாயையும் விடுங்கள், ஈரல் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கேள்வி கேட்ட தம்பியின் அண்ணன் மானூர் பக்கம் செம்மறியும் வெள்ளாடுமாக வளர்க்கிறார், கிடைக்குக் காவலாக இரண்டு நாட்டு நாய்களும் ஒரு சிப்பிப்பாறை நாயும் உண்டு. மதினிக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாகவே இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஈரலில் நீர்க்கட்டி, நாயிடமிருந்து வருகிற நாடாப்புழு என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன கோயில் கொடைக்கு அடித்த ஒரு கிழட்டு ஆட்டின் ஈரலிலும் கட்டி இருந்ததாம். இனி ஆட்டுக்கறி சாப்பிடலாமா, நாய்களைக் கொண்டுபோய் விட்டுவிடலாமா, ஆடுகளுக்கு மருந்து ஊற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இந்தக் கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன்.

முதலில் பதில், காரணம் அப்புறம். கறி தாராளமாகச் சாப்பிடுங்கள். நாய்களை எங்கேயும் விட வேண்டாம், விட்டால் அடுத்த ஊருக்கு நோயை அனுப்பிவைத்த கணக்குத்தான். ஆட்டுக்கு ஊற்றுகிற குடற்புழு மருந்து குடலில் இருக்கிற புழுவுக்கானது, ஈரலுக்குள் உட்கார்ந்துவிட்ட கட்டியை அது ஒன்றும் செய்யாது. செய்ய வேண்டியது இரண்டு காரியம். அறுக்கிற ஆட்டின் ஈரலும் நுரையீரலும் பச்சையாக நாய் வாய்க்குப் போகக் கூடாது. நாய்க்குச் சரியான மாத்திரை, சரியான இடைவெளியில் போக வேண்டும். இரண்டில் எது முக்கியம் என்றால் முதலாவதுதான். மாத்திரை மறந்துபோகும், கடையில் இருக்காது, நாய் துப்பிவிடும். ஈரலை எறியாமல் இருப்பதற்குக் காசு வேண்டாம், டாக்டரும் வேண்டாம்.

இந்தப் புழுவின் பெயர் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ். நாடாப்புழு என்றதும் மீட்டர் கணக்கில் நீளமான ஒன்றை நினைத்துக்கொள்கிறோம், இது அப்படியில்லை, 2 முதல் 7 மில்லிமீட்டர்தான், மூன்று நான்கு கணுக்கள், அவ்வளவே உடம்பு. நாயின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும், ஆனால் நாய்க்கு ஒரு நோவும் தெரியாது, நன்றாகத் தின்னும், நன்றாக ஓடும், மேனி பளபளப்பாகவே இருக்கும். கடைசிக் கணுவில் முட்டை முற்றியதும் அது கழன்று மலத்தோடு வெளியே வரும். அந்த முட்டையை ஆடு புல்லோடு சேர்த்து விழுங்கினால், உள்ளே இருக்கிற கரு வெளிவந்து குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போகும், அங்கே தங்காமல் தப்பியது நுரையீரலுக்குப் போகும். போன இடத்தில் மெதுவாக நீர் நிறைந்த கட்டியாக வளரும். கட்டியின் உட்சுவரில் புழுத்தலைகள் முளைத்துக்கொண்டே இருக்கும், ஒரு பெரிய கட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அந்த ஈரலை நாய் தின்றால் ஒவ்வொரு தலையும் ஒரு புழுவாகும், ஆறேழு வாரத்தில் முட்டை போடத் தொடங்கும். ஆட்டிலிருந்து நாய்க்கு, நாயிலிருந்து ஆட்டுக்கு, இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

மனிதன் இந்த ஓட்டத்தில் ஆளே இல்லை, நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறவன். ஆடு விழுங்குகிற அதே முட்டையை நாமும் கையிலோ கீரையிலோ தண்ணீரிலோ விழுங்கிவிட்டால், ஆட்டுக்கு நடப்பதேதான் நமக்கும் நடக்கும். நம் ஈரலை நாய் தின்னப் போவதில்லை, அதனால் புழுவுக்கு அதோடு கதை முடிந்தது, நமக்குத்தான் முடிவதில்லை.

இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே தெளிவாகிவிடும். கட்டியிருந்த ஆட்டின் கறியைச் சாப்பிட்டதால் இந்த நோய் வராது. கட்டியையே தெரியாமல் மென்று விழுங்கினாலும் நம் குடலில் அது புழுவாக வளராது, அதற்கு நாய்க்குடல்தான் வேண்டும். மதினியைத் தொட்டாலோ அவர் தட்டில் சாப்பிட்டாலோ யாருக்கும் ஒட்டாது, தயவுசெய்து தனித்தட்டு தனிடம்ளர் என்று அவரைப் படுத்தாதீர்கள். கறி தொடாத சைவ வீட்டுக்காரருக்கும் வரும், ஏனென்றால் வழி கறியில்லை, நாயின் மலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதிய தொனியில் வீட்டுக்குள் யார்மேல் தப்பு என்ற பேச்சு ஓடுகிறது போலத் தெரிகிறது. இந்தக் கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். சிலருக்கு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கு மேல் ஐந்து வரைக்கும், சிலருக்கு வளராமலே நின்றுவிடும். மதினிக்கு எப்போது அந்த முட்டை உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த ஊரில், பாவாடை கட்டி விளையாடின வயதில் போயிருக்கலாம். அதனால் இப்போது கிடையில் இருக்கிற சிப்பிப்பாறையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஆனாலும் கொடைக்கு அடித்த உங்கள் ஆட்டில் கட்டி இருந்தது என்பதால் அங்கேயும் இந்தப் புழு ஓடிக்கொண்டிருக்கலாம், அதை நிறுத்துகிற வழியைப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் அது அந்தக் கட்டிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆடு அறுக்கிறவர்கள் எல்லாவற்றையும் நீர்க்கட்டி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள், வயிற்றுக்குள் இரண்டு வகை உண்டு. வயிற்றைத் திறந்ததும் கொழுப்புச் சவ்விலோ ஈரலின் ஓரத்திலோ மெல்லிய பையாக, தெளிந்த தண்ணீரோடு, அசைத்தால் ஆடுகிற மாதிரி ஒரு கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், அப்படி இருந்தால் அது டீனியா ஹைடாட்டிஜினா என்கிற வேறொரு நாய்ப்புழுவின் கட்டி. நம் பக்கம் வெள்ளாட்டில் சாதாரணமாகக் கண்ணில் படுவது இதுதான், மனிதனுக்கு இதனால் ஒன்றுமில்லை. உங்கள் மதினிக்கு இருக்கிற வகை தொங்காது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ உள்ளேயே புதைந்திருக்கும், மேலே கொஞ்சம் புடைத்துத் தெரியும், சுவர் தடிப்பாக வெள்ளையாக இருக்கும், கத்தி பட்டால் தண்ணீர் பீச்சி அடிக்கும், உள்ளே வெண்சவ்வு உரிந்து வரும், அடியில் நுண்ணிய மணலாகப் படிந்திருக்கும். அந்த மணல்தான் புழுத்தலைகள். பழைய கட்டியாக இருந்தால் சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாகியிருக்கும்.

தொங்குகிற வகையைப் பார்த்தாலும் சும்மா விட்டுவிடாதீர்கள். மனிதனுக்கு ஆபத்தில்லை என்றாலும், உங்கள் கிடையில் நாய் பச்சைக் கழிவைத் தின்கிறது, நாய் மலத்தை ஆடு தின்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த வழி திறந்திருந்தால் மற்றதும் அதே வழியில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எந்த ஊர்க் கறிக்கடை முன்னாலும் நின்று பாருங்கள், நான் சொல்வது புரியும். கடைக்காரர் ஈரலைப் பலகையில் போட்டு விரலால் தடவிப் பார்ப்பார், புடைப்பு தட்டுப்பட்டதும் அந்த இடத்தை மட்டும் கத்தி நுனியால் சுற்றி அறுத்துத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் வீசுவார். அது தரையில் விழாது. பலகைக்குக் கீழே காத்துக்கிடக்கிற நாய்களில் ஒன்று காற்றிலேயே பிடித்துவிடும். வாங்க வந்தவர் கண்ணில் கட்டி படக் கூடாது என்பதற்காகச் செய்கிறார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் இருக்கிற கட்டியையெல்லாம் பொறுக்கியெடுத்து நாய்க்கு ஊட்டுவதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

கொடைக்காலத்தில் இன்னும் மோசம். சுடலைமாடன் கோயில் கொடை, அம்மன் கொடை என்று ஒரே நாளில் எத்தனை உருப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். வெட்டுவது கோயில் பக்கத்தில், கழுவுவது குளத்துக்கரையில் அல்லது ஓடையில், கழிவு அப்படியே உடைமரத்தடியில். தீபாவளிக்குக் கூறு போட்டுக் கறி பிரிக்கும்போதும் இதேதான். எங்கேயும் அறுவைக்கூடம் கிடையாது, பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. இதில் இளங்கிடாய்களால் பெரிய ஆபத்தில்லை, அந்த வயதில் கட்டி இருந்தாலும் சின்னதாக, இன்னும் புழுத்தலை முளைக்காததாக இருக்கும். பல் தேய்ந்த கிழட்டுச் செம்மறிதான் கவனிக்க வேண்டிய உருப்படி, வருடக்கணக்கில் மேய்ந்து சேர்த்த முற்றிய கட்டிகள் அதில்தான் இருக்கும். அப்புறம் கிடையில் தானாகச் செத்துப்போகிற ஆடு. தோலை உரித்துக்கொண்டு மிச்சத்தை ஓடையில் போட்டுவிட்டு வருவது நம் பக்கத்தில் நெடுங்காலப் பழக்கம், நாய்க்கும் அது விருந்து. அண்ணனிடம் முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சரி, என்ன செய்வது? குழி வெட்டுங்கள். மூன்று நான்கு அடி ஆழம், கழிவைப் போட்டு மேலே சுண்ணாம்பு தூவி, மண்ணைத் தள்ளி மிதித்து, அதன் மேல் கல்லும் உடைமுள்ளும் போட வேண்டும், இல்லாவிட்டால் இரவோடு இரவாக நாய் தோண்டிவிடும். கொடை நடத்துகிற வரிதாரர்கள் பந்தலுக்கும் மேளத்துக்கும் செலவழிக்கிற பணத்தில் ஜேசிபிக்காரரிடம் ஒரு மணி நேரம் சொன்னால் போதும், முதல் நாளே குழி தயாராகிவிடும். நாய்க்கு ஈரலே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அது பாவம், அதற்கும் ஆசை இருக்கும். அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்துப் போடுங்கள், கட்டிக்குள் இருக்கிற புழுத்தலை செத்துவிடும். பெரிய துண்டாக இருந்தால் வெட்டிப் போட்டு வேகவையுங்கள், நடுவில் பச்சையாக இருந்துவிடக் கூடாது.

இவ்வளவு சின்னக் காரியத்தால் ஒரு நோய் போய்விடுமா என்று சந்தேகம் வரும். ஐஸ்லாந்து என்ற நாட்டில் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகத்திலேயே இந்த நோய் அதிகமாக இருந்த இடங்களில் அது ஒன்று. ஆடும் நாயும் மனிதனும் ஒரே கூரைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழித்த ஊர். ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் அறிஞர் 1863இல் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்துப் புழுவைக் கண்டு, மறு வருடமே ஒரு சிறு புத்தகம் எழுதிக் கொடுத்தார். கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி என்பதுதான் அதன் சாரம். அது வீடு வீடாக இலவசமாகப் போனது, அப்புறம் நாய்க்கு வரி வந்தது, சட்டங்கள் வந்தன. கிழட்டு ஆடு அறுப்பது குறைந்து குட்டியாகவே அறுத்து விற்கும் வழக்கம் வந்ததும் உதவியது. இன்றைக்கு அங்கே இந்த நோய் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, பிராசிகுவாண்டல் என்ற நல்ல மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே 1970களில்தான். நோய் அங்கே அதற்கு வெகு முன்னாலேயே அடங்கிவிட்டது. நியூசிலாந்து 1959இல் தனிச்சட்டம் போட்டு 2002இல் நோய் நீங்கிய நாடு என்று தற்காலிகமாக அறிவித்துக்கொண்டது. டாஸ்மேனியா 1960களில் தொடங்கி 1996இல் அந்த நிலைக்கு வந்தது. எல்லாமே தீவுகள், எல்லா நாய்க்கும் சொந்தக்காரர் உண்டு, நமக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மைதான், ஆனால் உங்கள் அண்ணனின் கிடையை ஒரு தீவாக வைத்துக்கொள்ளலாமே.

இனி மாத்திரை. நாய்க்கு வேண்டியது பிராசிகுவாண்டல், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கிற கூட்டு மாத்திரையில் பெரும்பாலும் 50 மில்லிகிராம் இருக்கும், பத்து கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு. அட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நாட்டு நாய் பதினைந்து இருபது கிலோ இருக்கும், அப்படியானால் ஒரு மாத்திரை போதாது, அரைகுறையாகக் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம். குட்டிக்கும் சினை நாய்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

நம் ஆட்கள் செய்கிற ஒரு காரியம், ஆட்டுக்கு வாங்கின அல்பெண்டசோலிலோ ஃபென்பெண்டசோலிலோ மிச்சம் இருந்தால் அதையே நாய் வாயில் ஊற்றிவிடுவது. உருண்டைப்புழுவுக்கு அது கேட்கும், இந்தப் புழுவுக்கு அதை நம்ப முடியாது. ஐவர்மெக்டின் ஊசி போட்டாயிற்றே என்பார்கள், அது எந்த நாடாப்புழுவையும் தொடாது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை? ஈரல் தின்ற நாளிலிருந்து ஆறேழு வாரத்தில் புழு முட்டை போடத் தொடங்குகிறது என்று மேலே சொன்னேன், அதனால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் முட்டை வெளியே வருவதற்கே இடமில்லை. அது முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கொடுங்கள். வருடத்துக்கு ஒன்று என்பது மனத்திருப்திக்குத்தான். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால் கொடுத்த இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிப்போட்டு அந்த மலத்தை மண்வெட்டியால் எடுத்துப் புதைத்துவிட வேண்டும். கட்டாமல் விட்டால் செத்த புழுவோடு முட்டையையும் கிடை முழுக்கத் தூவிவிடும். மாத்திரையைக் கருவாட்டுத் துண்டுக்குள் வைத்துக் கொடுப்பது நான் பார்த்ததில் தோற்காத வழி, சிப்பிப்பாறை மட்டும் சில சமயம் கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையை அழகாக ஓரத்தில் வைத்துவிடும், அதற்கு வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கம், தொண்டை வரை தள்ளத்தான் வேண்டும், அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாய் மலத்தைச் சோதனைக்குக் கொடுத்துப் புழு இருந்தால் மட்டும் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் புழுவின் முட்டையும் மற்ற டீனியா வகை முட்டையும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி இருக்கும், பிரித்துச் சொல்ல வேறு சோதனைகள் வேண்டும். கிடை நாய்க்குச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம், கொடுத்துவிடுங்கள். அதேபோல, நாயின் பின்பக்கத்தில் அரிசி அரிசியாக ஊர்கிறதே, அதுதானே இது என்பார்கள். இல்லை. அது தெள்ளுப்பூச்சி மூலம் பரவுகிற வேறு நாடாப்புழு. ஆட்டுக்குட்டியின் புழுக்கையில் வெள்ளையாக வருவது மோனீசியா, அது மண்ணில் இருக்கிற ஒரு சிறு பூச்சி வழியாக ஆட்டுக்கு ஆடு பரவுவது, நமக்கு ஒட்டாது. எக்கினோகாக்கஸின் கணு அவ்வளவு எளிதாக நம் கண்ணில் படாது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னால் மதினி உடம்புக்காகத் தலையாட்டுவார், இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார், எனக்கு ஆட்டுக்காரர்களைத் தெரியும். அதனால் அவருக்குக் காசாகப் புரிகிற ஒன்றைச் சொல்லுங்கள். கிடையில் எப்போதாவது ஒரு ஆடு மந்தையை விட்டுப் பிரிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, செக்குமாடு மாதிரி ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்து, கண் தெரியாமல் முட்டி, இரை எடுக்காமல் செத்துப்போயிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேய் அடித்தது, காத்துக் கருப்பு என்று ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். அப்படிச் சுற்றுகிற ஆட்டின் மண்டையைத் திறந்தால் பல சமயம் மூளையில் ஒரு நீர்க்கட்டி இருக்கும், டீனியா மல்டிசெப்ஸ் என்ற இன்னொரு நாய்ப்புழுவின் வேலை அது. அந்தத் தலையை நாய் கடித்துத் தின்றால் மறுபடி புழு, மறுபடி முட்டை, மறுபடி சுற்றுகிற ஆடு. நாய்க்கு ஒரு மாத்திரை போட்டால் ஈரல் கட்டி, தொங்குகிற கட்டி, மூளைக் கட்டி மூன்றுக்கும் சேர்த்து அடி. ஒரு கீழக்கரிசல் இனச் செம்மறியின் விலைக்கு மூன்று நாய்க்கும் நெடுநாளைக்கு மாத்திரை வாங்கலாம், இந்தக் கணக்கு அவருக்கு உடனே ஏறும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது சோப்புதான். நாயின் உடம்பு மயிரிலும் மூக்கிலும் முட்டை ஒட்டியிருக்கும், தடவிக்கொடுத்த கையோடு சாப்பிடக் கூடாது, குழந்தைகளின் முகத்தை நக்கவிடக் கூடாது. கையில் தடவுகிற சானிடைசர் இந்த முட்டையை ஒன்றும் செய்யாது, தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். வெயிலும் வறட்சியும் முட்டைக்கு எதிரி, நம் பங்குனி சித்திரை வெயிலில் திறந்த கரிசலில் கிடக்கிற முட்டை நெடுநாள் தாங்காது. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு கிணற்றடியும் வாய்க்கால் ஓரமும் குளத்துக்கரையும்தான் கவனிக்க வேண்டிய இடங்கள். அங்கே பறித்த கீரையைப் பல தண்ணீரில் அலசி வேகவைத்துச் சாப்பிடுங்கள். காய்கறித் தோட்டத்துக்குள் நாய் போகாமல் வேலி அடையுங்கள். நாய் படுக்கிற இடத்தைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், முட்டைக்குக் கொதிநீர்தான் எமன், பினாயில் இல்லை.

மதினியின் வைத்தியம் பற்றி நான் சொல்வது முறையல்ல, அது மனித டாக்டரின் வேலை, இருந்தாலும் பொதுவாகச் சிலது. கட்டி இருந்தாலே அறுவை சிகிச்சை என்று பயப்பட வேண்டாம். ஸ்கேனில் கட்டியின் தோற்றத்தை வைத்து அதை ஐந்து நிலையாகப் பிரிப்பார்கள், உயிரோடு இருக்கிற கட்டிக்கு ஒரு வழி, தானாகவே செத்துக் கெட்டியாகிவிட்ட கட்டிக்கு வேறு வழி. சிலருக்கு அல்பெண்டசோல் மாத்திரை மாதக்கணக்கில், இடையிடையே இரத்தச் சோதனையோடு. சிலருக்கு ஊசி செலுத்தி நீரை உறிஞ்சி, மருந்து ஏற்றி, திரும்ப உறிஞ்சுகிற முறை. சிலருக்கு அறுவை. சிலருக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கிற ஒற்றை மாத்திரையும் அல்பெண்டசோல்தான் என்பதற்காக அதை வாங்கிப் போட்டால் கட்டி கரையும் என்று நினைக்காதீர்கள். கட்டி உள்ளே உடைந்தால் அந்த நீர் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பி உயிருக்கே ஆபத்தாகலாம், புழுத்தலைகள் சிதறி வயிறு முழுக்கப் புதுக்கட்டிகள் முளைக்கலாம். அதனால் வயிற்றில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதோ, விவரம் தெரியாமல் ஊசி குத்திப் பார்ப்பதோ கூடவே கூடாது. பாளையங்கோட்டையில் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் பழைய ஸ்கேன் படங்களோடு கூட்டிப் போங்கள். திடீரென்று மூச்சு முட்டல், உடம்பெல்லாம் தடிப்பு, கடுமையான வயிற்றுவலி என்றால் காத்திருக்காமல் உடனே 108. வீட்டில் மற்றவர்களும் அதே நாய்களோடு அதே தண்ணீரில் இருந்தவர்கள்தானே, எல்லோரும் ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

பன்றி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கொடையில் பன்றிப் பலியும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். பன்றியில் வருவது டீனியா சோலியம், அங்கே நாய்க்குப் பதில் மனிதன். சரியாக வேகாத பன்றிக்கறியில் இருக்கிற சிறு கட்டியை விழுங்கினால் மீட்டர் கணக்கில் நீண்ட புழு நம் குடலில் வளரும். அந்த ஆளின் மலத்தில் முட்டை போகும், வெளிக்குப் போகிற இடத்தில் பன்றி அதைத் தின்னும், பன்றிக்குக் கட்டி வரும். அந்த முட்டையையே மனிதன் விழுங்கிவிட்டால் கட்டி மூளையில் போய் உட்கார்ந்து வலிப்பு வரும். முட்டைக்கோஸ் தின்றால் மூளையில் புழு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, முட்டைக்கோஸ் பாவம், அதில் ஒட்டியிருந்த மனித மலம்தான் காரணம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகரும் அவருடைய குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் காட்டியது முக்கியமானது: வலிப்போடு வருகிறவர்களின் மூளை ஸ்கேனில் தெரிந்த சின்ன ஒற்றை வளையத்தைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவந்தார்கள், அதில் பெரும்பாலானவை இந்தப் புழுவின் கட்டிதான் என்று தெரிந்தது. இங்கே அறுக்க வேண்டிய கண்ணி கக்கூஸ். எல்லோரும் கக்கூஸில் போய், பன்றியைப் பட்டியில் அடைத்து, கறியை நடுவில் சிவப்புத் தெரியாமல் வேகவைத்தால் அது நிற்கும். பன்றிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தும், இந்தியாவிலேயே தயாராகிற தடுப்பூசியும் இருக்கின்றன. ஆட்டுக்கு ஈரல் கட்டி வராமல் தடுக்க ஈஜி95 என்ற தடுப்பூசி உண்டு, மெல்போர்னில் உருவானது, சீனாவிலும் அர்ஜென்டினாவிலும் போடுகிறார்கள். அதைக் கேட்டு நம் மருந்துக்கடைகளில் அலைய வேண்டாம்.

கடைசியாக, தெருநாய். உங்கள் மூன்று நாய்க்கும் ஒழுங்காகக் கொடுத்தாலும் ஊர்நாய் வந்து கிடையில் மலம் கழித்துவிட்டுப் போகுமே என்ற கேள்வி நியாயமானது. கொல்வதற்குச் சட்டம் இடம் தராது, கொன்றாலும் காலியான இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வரும். கருத்தடைக்குப் பிடிக்கும்போதே குடற்புழு மருந்தும் கொடுத்து, தடுப்பூசி போட்டு அதே இடத்தில் விட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது, அதைக் காட்டி ஊராட்சியில் கேட்கலாம். கிராமசபைக் கூட்டத்தில் வெறுமனே நாய்த்தொல்லை என்று பேசினால் ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். கறிக்கடைக்கு மூடி போட்ட டிரம் ஒன்று, ஊருக்கு வெளியே வேலி அடைத்த கழிவுக்குழி ஒன்று என்று இரண்டே இரண்டைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள், கறிக்கடைக்காரரை முன்னாலேயே பார்த்துப் பேசி அவரையும் கையெழுத்துப் போடவையுங்கள். அடுத்த முறை கிழட்டு ஆடு அறுக்கும்போது ஈரலில் கட்டி தெரிந்தால், அதை வெட்டாமல் முழுதாக இரட்டைப் பையில் கட்டி அன்றைக்கே உங்கள் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள், அவர்கள் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிப் பார்க்க முடியும். பை கிழியாமல் கொண்டுபோங்கள், வழியில் டீக்கடையில் நிறுத்தினால் வண்டியில் தொங்கவிட்டுவிட்டுப் போகாதீர்கள், நாய் இழுத்துவிடும்.